இரண்டு லிட்டர் பாட்டில்

ஸ்கேன் என்றாலே வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது என் மாமியார் தில்லையம்மாளின் சட்டம். கடலூரில் பஸ் ஏறும்போதே இரண்டு லிட்டர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டார்.

“குடிடி பவானி. படம் தெளிவா தெரிய வேணாமா?”

சிதம்பரம் வருவதற்குள் பாட்டில் காலி. வழியில் ஒவ்வொரு வேகத்தடையும் என் உயிரை வாங்கியது. பக்கத்தில் என் கணவர் இளவரசு சுகமாகத் தூங்கிக்கொண்டு வந்தார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

கல்யாணமாகி நாலு வருஷம். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் கருக்குழாய் இரண்டும் அடைப்பு என்று வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சிதம்பரத்து டாக்டர் அனுப்பிரியாதான், “சில நேரம் குழாய் இறுக்கிக்கிட்டாலும் அடைப்பு மாதிரி தெரியும்மா. ஸ்கேன்ல ஒருதரம் பாத்துருவோம்” என்றார். இதிலும் அடைப்பு என்றால் தானாகக் கரு நிற்க வழியில்லை. அந்தப் பயத்தோடுதான் மாமியாருடன் ஸ்கேன் அறைக்குள் போனேன்.

“பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா? இந்த ஸ்கேனுக்கு மூத்திரப்பை காலியா இருக்கணும்” என்றார் டாக்டர்.

நான் மாமியாரை முறைத்தேன். அவர் சுவரிலிருந்த காலண்டரில் தேதி பார்த்தார். நான் பாத்ரூமுக்கு ஓடினேன். அப்பாடா!

திரும்பி வந்து படுத்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய டியூப் வழியாக உப்புத்தண்ணீரைக் காற்றுக்குமிழிகளோடு கர்ப்பப்பைக்குள் செலுத்தினார் டாக்டர். தீட்டு வலி போல அடிவயிறு இழுத்தது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஓரிடத்தில் வந்து நின்றன. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

“மூச்ச விடும்மா. ஒடம்ப இறுக்காத.”

விட்டேன். புள்ளிகள் நகர்ந்து, வரிசையாக ஓடி, குழாயின் நுனியில் சிதறின.

“வலது பக்கம் தொறந்துருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “இடதும்தான்.”

அழுதுவிட்டேன். மாமியாரும் மூக்கை உறிஞ்சினார்.

“அப்ப இவகிட்ட ஒரு கோளாறும் இல்லையா டாக்டர்?”

“பாத்த வரைக்கும் இல்ல. ஒங்க பையனோட ரிப்போர்ட் எங்க?”

எந்த ரிப்போர்ட்? ‘மொதல்ல ஒனக்கு முடியட்டும், எனக்கு சிப்காட்ல ஷிப்ட்’ என்று நாலு வருஷமாக நழுவுகிற ஆள் அவர். என் முகத்தைப் பார்த்தே மாமியாருக்குப் புரிந்துவிட்டது. விறுவிறுவென்று வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

இளவரசு செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எழுந்துருடா. லேப் மாடியில இருக்கு.”

“எனக்கா? எனக்கு எதுக்கும்மா?”

“எதுக்கா? நாலு வருஷமா அவளையே ஊசி குத்திக்க வுட்டுட்டு சும்மா ஒக்காந்துருந்தியே, அதுக்கு!”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாமியார் காலி பாட்டிலை மூலையிலிருந்த தண்ணீர் கேனில் பிடித்து, விளிம்பு வரை நிரப்பி, அவர் கையில் திணித்தார்.

“மொதல்ல இத முழுசா குடி.”

அந்த டெஸ்ட்டுக்கும் தண்ணீர் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.