காபி கிளப்பின் உறவுமுறை

...ஆகவே தென்னாற்காடு ஜில்லாவிலேயே, ஏன், சென்னை ராஜ்யத்திலேயே, உறவினர்களை மட்டும் உறவினர் என்று சர்க்காருக்குச் சொல்லப்போகிற முதல் உணவு விடுதி எங்கள் காபி கிளப்தான், இதைக் கல்லாவில் உட்கார்ந்து எதிரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி மிகுந்த பொறுப்புடன் சொல்லிக்கொள்கிறேன், சரித்திரம் என்றால் மலைமேல்தான் நடக்கும் என்று செஞ்சிக்காரர்களுக்கு ஓர் எண்ணம், ராஜகிரிக் கோட்டையைக் கைகாட்டி வெளியூர்க்காரனிடம் ஒரு மணி நேரம் அளப்பார்கள், கீழே, சாம்பார் வாளிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இன்று காலை ஒரு சரித்திரம் நடக்கப்போவது ஒருவருக்கும் தெரியாது, விழுப்புரம் பஸ்ஸில் லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார், எங்கள் கிளப்பைப் பார்த்துப் பதிவு செய்ய. கடைகளுக்கு முன்பே வந்ததுபோல, உணவு விடுதிகளையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்கிற சட்டமும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது, வேலையாட்களின் பேர், வேலை நேரம், வார விடுமுறை எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே வீட்டில் இருக்கிற குடும்பத்தாரை மட்டும் எழுத வேண்டியதில்லை, இந்தக் கடைசி வரியைப் பஜார் முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டது. எங்கள் பஜாரில் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று வேலையாளே இருக்க மாட்டான், எல்லோரும் சொந்தக்காரர்கள், மூட்டை தூக்குகிறவன் சித்தப்பா, தராசு பிடிக்கிறவன் ஒன்றுவிட்ட அண்ணன். ஜவுளிக்கடை சிங்காரவேலு தன் கடையில் துணி கிழிக்கிற பாவாடையை மைத்துனன் என்று சொல்லிவிட்டார், சொன்னதோடு மறந்தும்விட்டார், பாவாடை மறக்கவில்லை, முதலாளி மகளுக்குக் காதுகுத்து நடந்தபோது புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பந்தலில் தாய்மாமனுக்குப் போட்ட பலகையில் உட்கார்ந்து மடியைத் தயாராக வைத்துக்கொண்டான், நிஜமான தாய்மாமன் தட்டோடு நின்றார், "சர்க்காருல நான்தானே மாமன்னு சொல்லியிருக்குது, நீங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க, அப்டி ஓரமா குந்துங்க" என்று உபசரித்தானாம்.

இந்த ஊரைத் திருத்த முடியாது, ஆனால் ஒரு கடையைத் திருத்தலாம், அதுவும் அது நைனாவின், அதாவது என் அப்பாவின், கடையாக இருந்தால். நைனா மற்றவர்களைப் போலத்தான் ஆரம்பித்தார், "எல்லாரையும் சொந்தம்னு எழுதிட்றா ரமணா, ஊரே அப்டித்தான் எழுதுது, நமக்கு இன்னாத்துக்கு வம்பு." கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளை லீவுக்கு வந்து அதையா செய்வான், மாட்டேன் என்றேன், சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன், நைனா வெற்றிலை மடித்தபடி கேட்டார், மதறாஸ் ரேடியோவில் சங்கீதம் கேட்பதுபோல, புரியாவிட்டாலும் நடுவில் எழுந்து போகக் கூடாது என்கிற மரியாதையோடு. விண்ணப்பத்தை நானே எழுதினேன், சரக்கு மாஸ்டர் கன்னியப்பன், பரிமாற பச்சைமுத்து, இட்லி வேலைக்கு ரஞ்சிதம், காலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை, பொய்யில்லை, பூச்சில்லை, நானே கொண்டுபோய்த் தபாலிலும் போட்டேன். கன்னியப்பன் வார விடுமுறைக்குச் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்துவிட்டான், டூரிங் கொட்டகையில் அன்றைக்குத்தான் கூட்டம் இருக்காதாம்.

காபி ஆறிவிட்டது... எவர்சில்வர் டம்ளர், போன வருஷம் சிதம்பரத்தில் பேச்சுப்போட்டியில் வாங்கியது, என்ன தலைப்பு, சட்டமும் பெண்களும், என்ன பேசினேன், கையை உயர்த்தி ஏதோ சொன்னேனே, பெஞ்சைத் தட்டினார்களே, ஆமாம், விடியாத நேரத்தில் பெண்ணை அடுப்படிக்கு விரட்டிய முதலாளிகளின் கையைச் சட்டம் பிடித்து நிறுத்திவிட்டது, இனி அவள் நிம்மதியாக உறங்குவாள், இப்படித்தான் பேசினேன்... விடியாத நேரத்தில். நான்கு மணிக்கு விடிந்திருக்குமா? எனக்குத் தெரியாது, அந்த நேரத்தை நான் பார்த்ததே இல்லை, எனக்கு எட்டு மணிக்கு விடியும், அதுவும் தட்டில் இட்லி வந்த பிறகு. புத்தகத்தைப் பிரித்தேன், இருந்தது, காலை ஆறு மணிக்கு முன் பெண்களை வேலை வாங்கக் கூடாது, பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தேன், பக்கத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தேன். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால் திருவண்ணாமலை முதல் பஸ்காரர்கள் எதைத் தின்பார்கள், நைனா ஒரு ஆம்பளையைப் பிடித்து அந்த வேலையில் போட்டுவிடுவார், அவ்வளவுதான், அப்புறம் ரஞ்சிதம்?

அவள் பின்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், வழக்கமாக இந்நேரம் மல்லாட்டை மில்லுக்குப் போயிருப்பாள், பகல் முழுக்க அங்கே வேர்க்கடலை உடைக்கிற வேலை, வேலையாட்கள் எல்லோரையும் இன்ஸ்பெக்டர் பார்ப்பார் என்று நான்தான் நிறுத்திவைத்தேன். புருஷன் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான், சக்கராபுரத்தில் ஒரு குடிசை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். இந்த லீவில் நான் அவளை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தேன், முதல் நாள் பயந்துபோய்த் தன்னை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறோமா என்று நைனாவிடம் கேட்டிருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன், சட்டம் இப்படி இருக்கிறது, உங்கள் நன்மைக்குத்தான், உறங்குவதற்கு... முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"இன்னா சின்ன மொதலாளி, நான் தூங்கறதுக்கா சர்க்காரு சட்டம் போட்டுது?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

"தூங்கிட்டு எய்ந்தா சோறு யாரு போடறாங்களாம், அதுக்கும் சட்டம் கீதா, அந்தப் பொஸ்தகத்துல பாரேன்."

பார்க்கத் தேவையில்லை, இல்லை என்று தெரியும். மில்லு வேலை மல்லாட்டை வருகிற காலத்துக்குத்தான், மற்ற மாதங்களில் இந்த அடுப்பை விட்டால் அவளுக்கு வேறு அடுப்பு கிடையாது. "ஒரு அஞ்சாறு இட்லிக்காரி வேலைய நிறுத்தறதுக்கு வில்லுபுரத்துலருந்து பஸ்ல வராரா அவரு, பாவம்" என்றாள், கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்காகப் பரிதாபப்பட்டவள் மாதிரி இருந்தது, நான் முன்பக்கம் வந்துவிட்டேன். எழுதினபோது ஆறு மணி என்று எழுதியிருக்கலாமே, ஒரு எண்தானே, ஆனால் நான் உண்மையை எழுதுகிறவன் ஆயிற்றே...

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதராக இருந்தார், அதுதான் கஷ்டமாகிவிட்டது, கெட்டவராக இருந்தால் அவரைப் பற்றிக் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரையாவது எழுதியிருப்பேன். காபிக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் குடித்தார், அடுப்படியைப் பார்த்தார், கன்னியப்பனிடம் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டுத் தலையாட்டினார், பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் நீவி வைத்தார். "இவ்ளோ சுத்தமா யாரும் எழுதினதில்ல சார், யார் எழுதினது?" நான்தான் என்றேன், நைனா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தம்மா நாலு மணிக்கே வராங்கன்னு போட்டிருக்கீங்களே, ஆறுக்கு முன்ன லேடீஸ வேலைக்கு வெக்கக் கூடாதே." நைனா என்னைப் பார்த்தார், நான் பின்கட்டு வாசலைப் பார்த்தேன், முறத்தின் சத்தம் நின்றிருந்தது. "வேலையாளா இருந்தா நிறுத்திடணும், வேற வழி இல்ல," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார், ரொம்ப நேரம் கழற்றினார், "வேலையாள்தானே?"

"எங்க அக்கா சார்."

குரல் என்னுடையதுதான், ஆனால் அவ்வளவு சரளமாக வரும் என்று எனக்குத் தெரியாது, பேச்சுப்போட்டியில்கூட ஒரு இடத்தில் தடுமாறினேன்.

"ஒரே வூடா?"

"ஒரே வீடுதான் சார். தெரியாம எழுதிட்டேன்."

"அப்ப இந்தப் பேரை அடிச்சுக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்று பேனாவை என் பக்கம் நீட்டினார், நான் ரஞ்சிதம் என்கிற பேரின்மேல் ஒரு கோடு போட்டேன், நேராக, அளவாக, நேரத்தையும் சேர்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் அடுத்த கிளப்புக்குக் கிளம்பிப் போனார். ரஞ்சிதம் முறத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "மில்லுல பாதி நாள் கூலியாவது போடுவானான்னு பாக்கறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள், வேலை இருக்கிறது, நாளைக்கும் நான்கு மணிக்கு வருவாள், முதல் பஸ்காரர்கள் தின்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கு ஒரு அக்கா லாபம்... நைனா வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்து என்னை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். "ஏண்டா ரமணா, கூடப்பொறந்த அக்காவுக்குக் கூலி குடுத்தா ஊருல இன்னா நெனப்பாங்க?" என்றார். வாய் நிறைய வெற்றிலை. சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன், கன்னம் உப்பியிருந்தது, அது வெற்றிலையாகவும் இருக்கலாம்.