துண்டு போட்ட இடம்

கப்பலின் பங்க் வகுப்பில் கீழ்ப்படுக்கை ஒன்றின் மேல் ருக்கு தன் கணவனின் துண்டை விரித்து வைத்திருந்தாள். போர் தொடங்கியபின் தீவின் ஹேடோ துறையிலிருந்து மெயின்லேண்டுக்குக் கிளம்பும் இரண்டாவது கப்பல் இது. நடைபாதை முழுக்க ஜனம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஏத்தா, துண்டுக்கு டிக்கெட் எடுத்துட்டியா?" என்றாள் ஒச்சம்மா. வீங்கிய காலை நீட்டித் தரையில் கிடந்தாள்.

"அவரு வர்றாருக்கா. போர்ட்ல கயிறு கட்டுற வேலை."

"அதுவரைக்கும் நான் படுத்துக்கிறேன். வந்ததும் எந்திரிச்சுக்கிறேன்."

"எந்திரிக்க மாட்டீங்க."

"அதுவும் நெசந்தான்."

அபாயச் சைரன் ஒலித்தது. துண்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ருக்கு மேல்தளத்துக்கு ஓடினாள். எண்ணெய்த் தொட்டிகள் இருந்த பக்கம் புகை. கீழே கரையில், கப்பலின் முன்கயிறு மாட்டிய இரும்புத் தூணருகே அவள் கணவர் ஜம்புலிங்கம் நின்றிருந்தார்.

"ஏறுங்க. கேங்வே ஏணியைத் தூக்கப் போறாங்க."

"கயிறு இருக்கு, ருக்கு."

"வெட்டி விடட்டுமே. கப்பல்ல கோடாலி வச்சிருப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

"வெட்டலாம்." அவர் சாலைப் பக்கம் பார்த்தார். "கராச்சர்மா ஸ்கூல்ல இன்னும் ஜனம் கிடக்கு. காலையில அவங்களுக்குக் கப்பல் வருது. அதுலேருந்து வீசுற கயிறை வாங்கிக் கட்ட நானும் முனியாண்டியும்தான் மிச்சம். ஒத்தையாளு இழுக்க முடியாது."

"ஊருக்கே நீங்க ஒருத்தர்தான் ஆம்பளை."

"நாளைக்கு அதுல வந்திடறேன்."

"அதோட கயிறை யாரு அவுப்பாங்க?"

கேங்வே மேலேறியது.

"சலோ, சோடோ," என்று கப்பலிலிருந்து ஒருவன் கயிற்றை விடச் சொல்லிக் கத்தினான். கயிறு தளர்ந்தது. ஜம்புலிங்கம் அதன் முனை வளையத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கழற்றினார். அது தண்ணீரில் விழுந்தது. பின்கயிற்றிடம் முனியாண்டி காத்திருந்தான். அவர் அங்கே ஓடினார். ருக்குவும் கம்பியைப் பிடித்தபடி ஆட்களை இடித்துக்கொண்டு மேலே கூடவே போனாள். இருவரும் வளையத்தைத் தூக்கினார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமானது. அவர் கையசைக்கவில்லை. அடுத்த கப்பலுக்காகத் தூணைச் சுற்றிக் கிடந்த சாமான்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தார்.

அவள் கீழே வந்தபோது ஒச்சம்மா எழுந்து நின்று, படுக்கையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆளு வருதுங்கறேன்ல. துண்டு கெடக்கறது தெரியலையா?"

ருக்கு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"காலை நீட்டிப் படுங்கக்கா," என்றாள்.