பச்சைப் புள்ளி

...இல்லை, அவராக இருக்காது, நீலச் சட்டை போட்டவரெல்லாம் என் புருஷனா, பினாங்கில் பாதி ஃபேக்டரிக்கு நீலச் சட்டைதான், ஆனால் அந்த நடை, வலது தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு... காமினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காகப் பார். டெலிவரி ரோபோவின் கேமரா காட்டுவது லிட்டில் இந்தியா மூலை, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை முடிந்து சாக்கடை வாய் பிளந்து கிடக்கிற இடம். யாருடைய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தையோ சுமந்துகொண்டு வண்டி அங்கே சிக்கி நிற்கிறது. இப்படி நிற்கிற வண்டிகளை அலுவலகத்திலிருந்து பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, தூக்கிவிடக் கை நீளாது. அவர் வருகிறார், குனிகிறார், திரை முழுக்க முகம். லோகேஸ்வரன்தான். காலையில் பாகான் டாலாமிலிருந்து என்னோடு வந்து பெர்ரி ஏறியவர், படகுத்துறையில் இறங்கி, ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிறேன், நீ போ என்றவர்.

“அங்கிள் டோலோங் வந்துட்டார்லா, அக்கா,” என்கிறாள் பக்கத்து நாற்காலி ஆயிஷா, டோலோங் என்றால் மலாயில் உதவி. “போன மாசத்துலேர்ந்து டெய்லி அங்கதான். வேல போயிருச்சு போல, பாவம். எந்த வண்டி மாட்டுனாலும் தூக்கி விடுவாரு.” போன மாதத்திலிருந்தா... ஊருக்கே தெரிந்திருக்கிறது, கட்டினவளுக்குத்தான் தெரியவில்லை. எல்லாக் கம்பெனி ரோபோக்களும் ஒரே வரைபடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்த மூலையில் ஒரு பச்சைப் புள்ளி, இங்கே உதவிக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். அதை நம்பி எல்லோரும் வண்டியை அந்த வழியாகவே விடுகிறோம், நானும்தான் விட்டேன், வண்டி நின்றுபோனால்தான் கேமரா திறக்கும், என் வண்டி அங்கே இதுவரை நின்றதில்லை, யார் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தக்கூடச் செய்தேன். என் மாமியார் பெற்ற பிள்ளை. என்னிடம் சொல்வதற்கென்ன, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்... சொல்ல விட்டேனா, வீட்டுக்கு வந்ததும் கரண்ட் பில்லையும் கார் லோனையும்தானே பேசினேன்.

“வா தம்பி, மெதுவா... அந்தப் பக்கம் இன்னொருத்தன் மாட்டிக்கிட்டான், அதான் லேட்டு,” என்று மெஷினிடம் சமாதானம் சொல்கிறார். மைக் பட்டன் என் விரலுக்கடியில். என்னங்க என்று ஒரு வார்த்தை போதும், நடுத்தெருவில் மனுஷன் செத்துவிடுவார். பக்கத்துப் பட்டனை அழுத்துகிறேன், ரோபோ அதன் குரலில் தெரிமா காசி என்று மலாயில் நன்றி சொல்கிறது. “சாமா சாமா,” என்று அதன் தலையில் தட்டிவிட்டு நிமிர்கிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நேற்று அந்த இடுப்புக்குத்தான் தைலம் தேய்த்தேன், இன்னிக்கி வேலை ஜாஸ்தி என்றார், பொய் சொல்லவில்லை. புள்ளியை அழிக்க எனக்கு அனுமதி உண்டு, அழித்தால் நாளையிலிருந்து ஒரு வண்டியும் அந்தப் பக்கம் வராது, இடுப்பு பிழைக்கும்... அப்புறம் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எதற்காகப் பெர்ரி ஏறுவார்?