குட்டை பேஸ்

டிரைவரம்மாவுக்கு அந்த விஷயம் தற்செயலாகத்தான் தெரியவந்தது. வியாழக்கிழமை மாலை, டயர் கடையின் பின்னறையில் ஒத்திகை முடிந்து ஆளுக்கு ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, கிட்டார் வாசிக்கும் கண்ணாடிக்காரர் அவள் தம்பியிடம் கேட்டார்.

"தபால்காரர்கிட்ட பாட்டு லிஸ்ட்டைக் கொடுத்தாச்சா?"

தம்பி, வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினான். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து எத்தனையோ பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். அந்தச் சாடை மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

"பேஸ்ல கை தேர்ந்த ஆளாமே. ஞாயித்துக்கிழமை ஒரு பாதுகாப்புக்கு வந்து உக்காரட்டும்னு நீதானப்பா சொன்னே?"

டிரைவரம்மா கையிலிருந்த ஒயரை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்தக் குழுவில் நான்கே பேர். டயர் கடை நடத்தும் தம்பி டிரம்ஸ் வாசித்தான். பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் அவன் மனைவி பாடினாள். கண்ணாடிக்காரர் கிட்டார். நகரப் பேருந்து ஓட்டும் டிரைவரம்மா பதினாறு வருஷமாக பேஸ் கிட்டார் வாசித்து வந்தாள். அவள் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்துப் பார்க்க அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பணிமனைப் படியில் வழுக்கி இடது மணிக்கட்டின்மேல் விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, பஸ் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவளுடைய பேஸுக்கு நீளமான கழுத்து. அதன் நுனிவரை கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் மூன்றாவது பாட்டிலேயே மணிக்கட்டு எரியத் தொடங்கிவிடும். ஞாயிறன்று துறைமுகத் தொழிலாளர் சங்க மண்டபத்தில் பன்னிரண்டு பாட்டு வாசிக்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் மாதாமாதம் கூப்பிடுவார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே" என்றான் தம்பி. "உன்னை மாத்தணும்னு இல்ல. நடுவுல கை மக்கர் பண்ணிச்சுன்னா என்ன செய்யறது?"

"மக்கர் பண்ண இது என்ன உன் கடைக்கு வர்ற வண்டியாடா?"

"அண்ணிகிட்ட நேரா சொல்லுங்கன்னு நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றாள் தம்பி மனைவி. "இவருக்கு டயருக்குக் காத்து அடிக்கத் தெரியும். வாயைத் திறந்து ஒரு விஷயத்தைப் பக்குவமா சொல்லத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, பாதி சுற்றிய ஒயரை அங்கேயே விட்டு வீட்டுக்கு நடந்தாள்.

காலையில் பஸ்ஸைக் கிளப்புமுன் ஸ்டியரிங்கில் கை வைத்து ஒரு நிமிஷம் கண் மூடுவது அவள் வழக்கம். ஏறுகிறவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்க வேண்டும் என்று கேட்பாள். அவ்வளவுதான் அவளுடைய பிரார்த்தனை. வெள்ளிக்கிழமை காலையில் முதல் தடவையாகத் தனக்கென்று கேட்டாள். "என் இடம் எனக்கே இருக்கட்டும், ஆண்டவனே." கேட்டு முடித்ததும் வெட்கமாக இருந்தது. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து, நேராக இசைக்கருவிக் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா அவளுக்குப் பழக்கம். மணிக்கட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்து சின்னதாக ஒரு பேஸை இறக்கினாள். கழுத்து வழக்கமானதைவிட அரைச் சாண் குறைவு.

"இது பிள்ளைங்க வாசிக்கிற குட்டை பேஸ் இல்லையா?"

"நானும்தான் குட்டை. என்னைப் பிள்ளைன்னு நெனச்சு இதுவரைக்கும் யாரும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கலியே. கையில வாங்குங்க முதல்ல."

வாங்கி மடியில் வைத்தாள். கை தானாகவே நுனிக்குப் போய்ச் சேர்ந்தது. நீட்ட வேண்டியதில்லை, விரிக்க வேண்டியதில்லை. மணிக்கட்டு நேராக, பஸ்ஸின் கியரைப் பிடித்ததுபோல் இருந்தது. ஒலி கூட்டும் ஆம்ப்பில் இணைத்து நான்கு பாட்டு வாசித்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. சத்தம்தான் சலசலவென்று கேட்டது.

"அது கிட்டார் குத்தமில்ல, ஸ்ட்ரிங் குத்தம்" என்றாள் கடைக்காரம்மா. "தட்டை ஸ்ட்ரிங் மாட்டுங்க. மேல சுத்தியிருக்கிற கம்பி நாடா மாதிரி வழவழன்னு இருக்கும். விரல் தேயாது, உரசுற சத்தம் வராது. அடிச்சா நெஞ்சுக்குள்ள இறங்கும். கிட்டாரை எடுத்துட்டுப் போங்க. பிடிச்சா வச்சுக்கோங்க, இல்லன்னா திங்கக்கிழமை கொண்டாந்து சுவத்துல மாட்டிடுங்க."

அப்போது டெலிபோன் மணி அடித்தது. கடைக்காரம்மா உள்ளே போக, டிரைவரம்மாவே அலமாரியிலிருந்து தட்டை ஸ்ட்ரிங் பாக்கெட் ஒன்றை எடுத்து, கல்லாவில் இருந்த பையனிடம் காட்டிக் காசு கொடுத்துவிட்டு வந்தாள். பதினாறு வருஷமாக எந்த வரிசையில் எடுப்பாளோ அதே வரிசைக்குத்தான் கை போனது. அது நீள பேஸுக்கு உரிய வரிசை என்பது கைக்குப் பழகிப்போயிருந்தது, அதனாலேயே கண் அதைப் பார்க்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து நான்கு தந்திகளையும் மாட்டினாள். நீளம் மிச்சமிருந்தது. மிச்சத்தை வெட்டி முறுக்காணியில் சுற்றினாள். தடித்த தந்தி மட்டும் சுற்ற மறுத்து முரண்டு பிடித்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று இறுக்கிவிட்டாள்.

ஞாயிறு மதியம் மண்டபத்தில் நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முதல் வரிசையில் ஓரமாக, இஸ்திரி போட்ட சட்டையில் உயரமான ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேஸ் பை சாய்ந்திருந்தது. தபால்காரர். டிரைவரம்மாவைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னார். இவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேடை ஏறினாள். அப்படிச் செய்தது தப்பு என்று ஏறும்போதே அவளுக்குத் தெரிந்தது.

சுருதி சேர்த்துக்கொண்டிருக்கையில் 'டப்' என்று ஒரு சத்தம். தடித்த தந்தி முறுக்காணியில் சுற்றிய இடத்தில் முறிந்து, நாடா பிரிந்து தொங்கியது.

தபால்காரர் மேடைக்கு வந்து, குனிந்து, முறிந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நீள பேஸுக்கு உள்ள ஸ்ட்ரிங்ங்க. கடைசி முனையில மட்டும்தான் மெலிசா இருக்கும், அதைத்தான் ஆணியில சுத்தணும். குட்டை பேஸ்ல அந்த மெலிசான பாகம் வெட்டுப்பட்டுப் போயிடும். தடிமனான இடமே சுத்துது, மடங்கி முறியுது. நானும் ஒரு தடவை இப்படி மாட்டி முறிச்சிருக்கேன்."

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இசைக்கருவிக் கடைக்கு ஞாயிறு விடுமுறை, கழற்றிய பழைய தந்திகளோ தூரத்தில் அவள் வீட்டில். "விடுக்கா. நடந்தது நடந்துபோச்சு. இன்னைக்கு அவரே வாசிக்கட்டும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டதுபோலத்தான் இருந்தது. அவள் கிட்டார்ப் பட்டையைத் தோளிலிருந்து கழற்றப் போனாள்.

"கழட்டாதீங்க" என்றார் தபால்காரர். "என் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். இருபது நிமிஷம் கொடுங்க."

அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. இருபத்தைந்தாவது நிமிஷம், செய்தித்தாளில் சுருட்டிய நான்கு தந்திகளோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தபால்காரர் தந்தியோட ஓடி வந்தா வயித்தைக் கலக்குது சார்" என்றார் கண்ணாடிக்காரர். பிறகுதான் எல்லோருக்கும் மூச்சே வந்தது.

"ஏழு வருஷ ஸ்ட்ரிங்" என்றார் தபால்காரர், ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தபடி. "குட்டை பேஸுக்கே வாங்கினது, நீளம் சரியா இருக்கும். மத்த மூணையும் சேர்த்து மாத்திடலாம், அதுவும் எந்த நேரத்துலயும் முறியும்."

"உங்ககிட்டயும் குட்டை பேஸ் இருக்கா?"

"வீட்டுல வாசிக்கிறது அதுலதான். தபால் பை தூக்கித் தூக்கித் தோள்பட்டை போயிடுச்சு. வெளிய கொண்டுவந்தா சிரிப்பாங்களோன்னு, நாலு பேர் முன்னால மட்டும் இந்தப் பெரிசைச் சுமக்கிறது."

தட்டைத் தந்தி பழகப் பழகத்தான் இனிமையாகும். வாசிப்பவருடைய விரலுக்கு அது பழக வருஷக்கணக்காகும். தன் வண்டியை இரவல் கொடுக்கும் பேஸ்காரர்கள் உண்டு. பழகிய தந்தியைக் கழற்றிக் கொடுப்பவரை டிரைவரம்மா பார்த்ததில்லை. இவர் தன் கிட்டாரை மொட்டையாக்கிவிட்டு வந்து நிற்கிறார்.

முறுக்காணியைச் சுற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள். "நான் இறங்கியிருந்தா நீங்க வாசிச்சிருக்கலாமே. எதுக்குங்க இவ்வளவு சிரமம்?"

"வாசிக்க ஆசைதான். எங்க குழு கலைஞ்சு, மேடை ஏறி மூணு வருஷமாச்சு." தந்தியின் நுனியை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததால கிடைச்ச இடத்துல நின்னா கால் கூசும்ங்க."

அவளுக்கு முகம் சுட்டது. "வந்தப்போ உங்களுக்கு ஒரு வணக்கம்கூட சொல்லல நான்."

"அதனால என்ன, இப்ப சொல்லுங்க."

சொன்னாள். இரண்டு கையையும் கூப்ப முடியவில்லை, ஒரு கையில் கிட்டார் இருந்தது.

நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கியது. முதல் பாட்டிலேயே அந்தத் தந்தியின் ஆழ்ந்த ஒலி அவள் வயிற்றில் வந்து தங்கியது. தம்பி திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நான்காவது பாட்டுக்குக் குழந்தைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஆடினார்கள். ஏழாவதில் துறைமுகத்துப் பெரிய உடம்புக்காரர்கள் நான்கைந்து பேர் எழுந்து கை தட்டினார்கள். தம்பி மனைவிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு சரணத்தை இரண்டு தடவை பாடினாள்.

ஒன்பதாவது பாட்டின் முடிவில் மணிக்கட்டில் பழைய எரிச்சல் லேசாகத் தலைகாட்டியது. முன்பு மூன்று பாட்டுக்கு வந்தது இப்போது ஒன்பது பாட்டு தாண்டித்தான் வருகிறது. அதுவே பெரிய வரம். இன்னும் மூன்றுதான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டால் முடித்துவிடலாம். முடித்தால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வியர்வையைத் துடைக்கும்போது முதல் வரிசை கண்ணில் பட்டது. தபால்காரருடைய இடது கை பெரிய பேஸின் பைமேல் இருந்தது. விரல்கள் அடுத்த பாட்டின் தொடக்கத்தை அந்தத் துணிமேல் சத்தமில்லாமல் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. மூன்று நாளில் பன்னிரண்டு பாட்டையும் படித்துவிட்டு, ஒன்றுகூட வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார்.

நல்லது செய்கிறவர்களுக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்று நாம் பெரிதாக யோசித்துக்கொண்டே இருந்துவிடுகிறோம். செய்யக்கூடியது பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. டிரைவரம்மா பட்டையைக் கழற்றி, மேடை ஓரத்துக்கு வந்து, குட்டை பேஸை அவர் முன்னால் நீட்டினாள்.

"என்னக்கா, கை வலிக்குதா?" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தம்பி பதறினான்.

"கொஞ்சம் வலிக்குது. அதோட, உன் பாதுகாப்பு ஏற்பாடு சும்மா உக்காந்திருக்கேடா. யார் வீட்டு முதல் அது?"

தபால்காரர் எழுந்தவர் அப்படியே நின்றார். "நான் என்னோடதுலயே..."

"இதுலதான் வாசிக்கணும். ஸ்ட்ரிங் உங்களது. அதுக்கு உங்க விரலை நல்லாத் தெரியும்."

அத்தனை உயரமான மனிதர் அத்தனை சின்ன கிட்டாரை மாட்டிக்கொண்டதைப் பார்த்து ஒரு குழந்தை கிளுக்கென்று சிரித்தது. அவரும் அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் வாசிக்கத் தொடங்கினார். வேறு யாருக்கும் சிரிக்க நேரமில்லை. டிரைவரம்மா அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். பதினாறு வருஷத்தில் தன் குழுவை எதிரே உட்கார்ந்து அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கிறார்களா இவர்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் சங்கச் செயலாளர் வந்து அடுத்த மாதத்துத் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். சாமான்களை வேனில் ஏற்றும்போது தம்பி அக்காவின் பக்கத்தில் வந்து, ஸ்பீக்கரைத் தூக்குகிறவன்போல் குனிந்து, "உன்கிட்டயே முதல்ல கேட்டிருக்கணும்க்கா" என்றான்.

"கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். போடா, அந்தப் பக்கம் பிடி."

கண்ணாடிக்காரர் பாட்டு லிஸ்ட்டை வேனின் கதவில் வைத்து நடுவே ஒரு கோடு போட்டார். "சரி, யாருக்கு எது? இப்பவே பேசி முடிச்சுக்கோங்க. ஒத்திகையில சண்டை வேணாம்."

"மெதுவான பாட்டெல்லாம் எனக்கு" என்றாள் டிரைவரம்மா. "வேகமா ஓடுறதெல்லாம் அவருக்கு. சைக்கிள் மிதிச்ச கால்."

"பஸ் ஓட்டுறவங்க மெதுவான பாட்டு கேக்கிறாங்க, பாருங்க" என்றார் தபால்காரர். "எனக்குச் சம்மதம். ஆனா பத்தாவது பாட்டை மட்டும் இனி விட்டுத்தர மாட்டேன், சொல்லிட்டேன்."

"கை சரியானதும் பிடுங்கிக்குவேன்."

"பிடுங்குங்க. முதல்ல அது சரியாகட்டும்" என்று சொல்லி, அவள் தூக்கப்போன ஆம்ப்பை அவர் தூக்கிக்கொண்டார்.