ஐந்து நாற்காலிகளில் ஒருத்தி

தேர்வுத்துறைக் கோப்பின்படி அந்த ஆண்டு குவாண்டம் இயக்கவியல் இரண்டாம் தாளை எழுதியவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரே மகள். கோப்பில் இந்த இடத்தில் ‘எழுதினாள்’ என்று போட்டு, அதை அடித்து ‘எழுதினார்கள்’ என்று திருத்தி, அதையும் அடித்து, கடைசியில் ‘எழுதப்பட்டது’ என்று முடித்திருக்கிறார்கள். மற்றபடி அந்தப் பக்கத்தில் பிழை ஏதும் இல்லை.

இளங்கலைக் கடைசி ஆண்டுக்காரர்களும் முதுகலை முதலாண்டுக்காரர்களும் சேர்ந்து படிக்கும் தாள் அது. திங்களும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு, இயற்பியல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் கொக்கி கழன்ற அறையில் நடக்கும். நடத்திய பேராசிரியைக்கு முப்பது வருட அனுபவம். யார் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும், “இன்னொரு தடவை போடுங்க” என்பார். அதனால் அவருக்கு ‘இன்னொரு தடவை மேடம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். வீட்டுக்கணக்காக ஆறு கணக்கு கொடுத்தார்; ஒவ்வொன்றும் நாலு பக்கம் ஓடியது. இரண்டாவது வாரம் ஏழு பேர் வந்தார்கள். அதே நேரத்தில் எதிர்க் கட்டடத்தில் வேறொரு தாள் நடந்துகொண்டிருந்தது. அங்கே கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும், ஏசியும் உண்டு. மூன்றாவது வாரம் மெக்கானிக் மகள் மட்டும் வந்தாள். முதல் தாளில் ஒரு துகள் சுவரைத் தாண்டிக் குதிக்காமல் ஊடுருவிப் போவதைக் கணக்கில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

நாலாவது வாரத்துக்குள் ஐந்து இருக்கைகளாவது நிரம்பாவிட்டால் தாளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எடுத்த தாள் எதுவும் திரும்பி வந்ததாக அந்தப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் இல்லை. பேராசிரியையை முதலாண்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஓய்வு பெறும்வரை ஊசல் ஆடுவதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மெக்கானிக் மகளுக்கோ இந்தத் தாள் இல்லாமல் ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடையாது. திங்கட்கிழமை அவள் கால்மணி நேரம் முன்னதாகவே வந்தாள். காலி அறையைப் பார்க்கச் சகிக்காமல் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள், குடையை அதற்கடுத்ததில் வைத்தாள். பேராசிரியை வந்து, வணக்கம் சொல்லி, பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பியபோது முன்வரிசையில் ஐந்து நாற்காலிகளிலும் அவளே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நோட்டுப் புத்தகங்கள் திறந்திருந்தன. பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பலகையைத் துடைத்தார். பிறகு, “போன வாரம் விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்றார்.

இருக்கைகளை எண்ணப் பதிவாளர் அலுவலகத்துக் கண்காணிப்பாளர் திங்களன்றே வர வேண்டியவர், வியாழனன்று வந்தார். நேர்மையான மனிதர். பேனா முனையால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். பெயர் கேட்டார், ஐந்து வாயிலிருந்து ஒரே பெயர் வந்தது. அடையாள அட்டை கேட்டார். ஐந்திலும் ஒரே எண், ஒரே படம், ஒன்றில் மட்டும் மூலை மடங்கியிருந்தது.

“மேடம், இது ஒரு ஆளா, அஞ்சு ஆளா?”

“எத்தனை நாற்காலி நிறைஞ்சிருக்கு சார்?”

“அஞ்சு.”

“சுற்றறிக்கையில ஆள்னு போட்டிருக்கா, இருக்கைன்னு போட்டிருக்கா?”

கண்காணிப்பாளர் பையிலிருந்து எடுத்துப் படித்தார். “இருக்கைன்னுதான் இருக்கு.”

“அப்ப எழுதிக்குங்க. பலகையில பாதிக் கணக்கு நிக்குது.”

அவர் எழுதிக்கொண்டார். ஆனாலும் விஷயம் கல்விக்குழுவுக்குப் போய் இரண்டு பிற்பகல்கள் அலசப்பட்டது. தத்துவத்துறைத் தலைவர் ஒருத்தி என்றார், கணிதத்துறைத் தலைவர் ஐந்து என்றார், சட்டத்துறைத் தலைவர் இரண்டுக்கும் இடமுண்டு என்றார். முடிவில், தாள் நடக்கலாம், ஐந்து பேரும் தனித்தனியே தேர்வெழுத வேண்டும், ஐந்தில் எது குறைந்த மதிப்பெண்ணோ அதுவே அவளுடைய மதிப்பெண்ணாகப் பதிவாகும் என்று தீர்மானம் போட்டார்கள். தேர்வுக்கு ஒருத்தி வராவிட்டாலும் ஒருத்தியுமே வரவில்லை என்று கொள்ளப்படும். தாளும் அத்தோடு போகும்.

மகள் ஐந்து பேராக உட்காருவது அப்பாவுக்குக் கண்காணிப்பாளர் வந்த அதே வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. இயற்பியல் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒருமுறை பார்ப்பவர் அவர்தான். மூன்றாவது மாடியில் கதவுச் சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர், வகுப்புக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒருமுறை எண்ணினார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு கம்பிவடத்தின் இழுவையைச் சோதித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போனார். மனைவி ஆஸ்பத்திரிகளுக்கு உடுப்புத் தைப்பவள். தையல் மெஷின் ஓசைக்கு மேலாக, “நம்ம பொண்ணு பிரமாதமாப் படிக்கிறா. பார்த்த இடமெல்லாம் அவதான் உக்காந்திருக்கா” என்றார். அம்மா, “கண்ணு படப்போகுது, மெதுவாச் சொல்லுங்க” என்றாள்.

அதுவரை வகுப்பு முடிந்து படியிறங்கும்போது இரண்டாவது மாடிக்குள் அவள் ஒருத்தியாகிவிடுவாள். தீர்மானம் வந்த பிறகு வீட்டுக்கணக்கும் ஐந்து மடங்காயிற்று. ஐந்து பேராகவே வீட்டுக்கு வரத் தொடங்கினாள். முதல் நாள் கதவைத் திறந்த அம்மா ஒருத்தியை உள்ளே விட்டாள், இரண்டாமவளை விட்டாள், மூன்றாமவள் வரும்போது, “செருப்பை வழியில போடாதீங்க, ஓரமா வைங்க” என்றாள். அன்று மாலையே அளவு நாடாவை எடுத்து ஐந்து பேருக்கும் அளவெடுத்தாள். நாலு பேருக்கு இம்மியும் வித்தியாசமில்லை. வகுப்பில் ஜன்னலோர நாற்காலியில் உட்காருகிறவளுக்கு மட்டும் தோள் அரை அங்குலம் குறைவாக இருந்தது. குனிந்தே இருந்ததால் அப்படி. அம்மா யாரிடமும் சொல்லாமல் அவளுக்கு அந்த அளவிலேயே தைத்துக் கொடுத்தாள். குளியலறைக்கு வரிசை நின்றது. அப்பா விடியுமுன் எழுந்து தன் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

இடைத்தேர்வில்தான் சிக்கல் வந்தது. நாலு பேர் நூற்றுக்கு எண்பதைத் தாண்டினார்கள். ஜன்னலோரக்காரி முப்பத்தொன்று வாங்கினாள். தேற ஐம்பது வேண்டும். அவள் சோம்பேறி அல்ல. மற்ற நால்வரும் சூத்திரத்தை எடுத்து மடமடவென்று போட்டுவிட்டுப் போகிற இடத்தில் இவள் நின்றுவிடுவாள். ஹைட்ரஜன் அணுவை மின்புலத்தில் வைத்தால் அதன் ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நகரும் என்ற கணக்கில், இரண்டாவது மட்டத்தில் ஒரே ஆற்றலில் நாலு நிலைகள் இருப்பதால், வழக்கமான சூத்திரத்தில் கீழே வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும். அப்போது வேறொரு செய்முறை உண்டு. நால்வரும் அதற்குத் தாவிவிட்டார்கள். இவள் மட்டும், “கீழ பூஜ்யம் ஏன் வருது?” என்று கேட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அந்தப் பூஜ்யத்தையே பார்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாற்காலிக்காரிக்குப் பொறுக்கவில்லை. “நீ இருக்கிறது நாற்காலி நிறையத்தான். உன்னால எங்க எல்லாருக்கும் முப்பத்தொண்ணு” என்று சொல்லிவிட்டாள். அடுத்த திங்கள் காலை ஜன்னலோரக்காரி எழுந்திருக்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, “நான் வரலை. நான் இல்லாமலே நல்லா இருப்பீங்க” என்றாள். நால்வரும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாருக்கும் படியிறங்கக் கால் வரவில்லை.

அம்மா மெஷினை நிறுத்தினாள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

“உங்க அஞ்சு பேருக்கும் சேர்த்து நான் ஒரு தடவைதான் வலி பட்டேன். இதுல யாரு என் பொண்ணு இல்லைன்னு சொல்லுங்க, நானே வெளிய அனுப்பிடறேன்.”

முதல் நாற்காலிக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “எனக்கும் அது ஏன் பூஜ்யம் வருதுன்னு தெரியாது. தெரிஞ்ச மாதிரி போட்டுட்டு வந்துட்டேன்” என்றாள். போர்வைக்குள்ளிருந்து, “எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு” என்று பதில் வந்தது. அம்மா மெஷினை மறுபடி ஓட்டினாள். அன்று யாரும் வகுப்புக்குப் போகவில்லை. பேராசிரியை ஒரு மணி நேரம் காலி அறையில் பலகை முழுக்க எழுதி, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, மணி அடித்ததும் துடைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் சாப்பாட்டு மேஜை கணக்கு மேஜையாயிற்று. ஜன்னலோரக்காரி கேட்பாள், நால்வருக்கும் பாதி நேரம் பதில் தெரியாது. செய்முறை தெரியும், காரணம் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு சொல்லும் புரியாது. இருந்தும் பக்கத்தைத் திருப்ப மாட்டார். திருப்பினால் சத்தம் கேட்குமே.

தேர்வு மூன்று மணி நேரம். ஒருத்தி தாளை இன்னொருத்தி பார்த்து எழுதினால் அது காப்பியடித்தலா என்று யாருக்கும் தெளிவில்லாததால், அறைக்கொரு ஆளாக ஐந்து அறைகளில் உட்காரவைத்தார்கள். நால்வரும் முன்னதாகவே முடித்து வெளியே வந்து, ஐந்தாவது அறை வாசலில் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். உள்ளே ஜன்னலோரக்காரிக்குச் செய்முறை சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தாள். நாலு நிலைகளுக்கும் ஒரே ஆற்றல் என்பதால், எதை எதோடு சேர்ப்பது என்பதை முதலில் மின்புலமே தீர்மானிக்க வேண்டும். அதைக் கேட்காமல் வகுக்கப் போனால் பூஜ்யம் குறுக்கே நிற்கத்தான் செய்யும் என்று வார்த்தையில் எழுதினாள். பிறகு அதைக் கணக்காக்கினாள். ஒன்பது பக்கம் போயிற்று. இரண்டு நிலைகள் நகர்ந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசிக் கேள்வியைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது. வெளியே வந்தபோது அவள் தோள் நிமிர்ந்திருந்ததை முதலில் கவனித்தவள் முதல் நாற்காலிக்காரிதான்.

நால்வரும் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, எண்பத்தாறு வாங்கினார்கள். ஜன்னலோரக்காரிக்கு ஐம்பத்தெட்டு. அந்த ஒன்பது பக்கத்துக்கும் முழு மதிப்பெண் போட்டு, பேராசிரியை ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘இன்னொரு தடவை போட வேண்டாம்’ என்று. முப்பது வருடத்தில் அவர் அப்படி எழுதியது அதுவே முதல் தடவை என்று துறையில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தீர்மானம் போட்டவர்களுக்கு இப்போது மனம் உறுத்தியது. விண்ணப்பம் ஒன்று கொடுத்தால் தொண்ணூற்று நாலையே பதிவு செய்துவிடலாம் என்று சொல்லியனுப்பினார்கள். ஐந்து பேரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள், அப்பாவும் வேலைச் சட்டையோடு பின்னால் போனார். இருக்கைகளை எண்ணிய அதே கண்காணிப்பாளர் படிவத்தை நீட்டினார்.

முதல் நாற்காலிக்காரி அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “வேண்டாம் சார். அம்பத்தெட்டே இருக்கட்டும்.”

“யோசிச்சுப் பாரும்மா. தொண்ணூத்தி நாலு உன்னுதுதானே?”

“அது எனக்கு வந்த மார்க்கு சார். அம்பத்தெட்டு நான் வாங்கின மார்க்கு.”

கண்காணிப்பாளர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கையில், யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளிடம், “என் பொண்ணு அம்பத்தெட்டு வாங்கியிருக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளும் கைகுலுக்கினார்.

தாள் பிழைத்தது. ஐம்பத்தெட்டை வைத்தே அவளுக்கு ஆராய்ச்சியில் இடம் கிடைத்தது. நேர்முகத்தில் அந்த ஒன்பது பக்கத்தைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். ஐந்து பேரும் ஒரே ஆய்வேட்டை எழுதினார்கள், முன்னுரையில் மட்டும் சண்டை வந்தது. அதன்பின் ஒருத்தி பூமிக்கடியில் வளையச் சுரங்கத்தில் துகள்களை மோதவிடும் இடத்துக்குப் போனாள். ஒருத்தி உலோகங்களை உறையவைத்து ஆராய்கிறாள். ஒருத்தி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுகிறாள், அம்மா தைத்த உடுப்பிலேயே. முதல் நாற்காலிக்காரி பாடப்புத்தகம் எழுதினாள். அது நாலு பதிப்பு கண்டுவிட்டது. பேராசிரியை ஓய்வு பெற்றபோது இரண்டாம் தாளை ஜன்னலோரக்காரியிடம் ஒப்படைத்தார். இப்போது அந்தத் தாளுக்கு நாற்பது பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு நாற்காலிதான். எதிர்க் கட்டடத்திலிருந்தும் சிலர் வருகிறார்கள்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு எழுபது நிறைந்தபோது ஐந்து பேரும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் உட்கார இடமில்லாமல் மாடிப்படியெல்லாம் சிரிப்புச் சத்தம். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டாள்.

“ஒரே பொண்ணுதாங்க” என்றாள் அம்மா. “இன்னிக்கு அஞ்சு பேரும் வந்திருக்கா.”

“அதான் வீடே கலகலன்னு இருக்கு” என்றாள் அந்த அம்மாள். பிறகு, தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேட்டாள்.