ஏரிக்குப் போகும் குழாய்

1987 ஜூன் மூன்றாம் தேதி காலை, ஊருக்கு வடக்கே ஒன்பதாவது கிலோமீட்டரில் இருந்த ஏரி பதினோராவது கிலோமீட்டரில் இருந்தது. மதகு, படித்துறை, கரையோர வீடுகள் எல்லாம் கூடவே போயிருந்தன. ஒரு ஓடுகூடச் சரியவில்லை. முந்தைய மாலைதான் நகராட்சி மன்றம், குழாய் விலை இறங்கட்டும் என்று குடிநீர்த் திட்டத்தை ஒத்திவைத்திருந்தது. பொறியாளர் தூரத்தைத் திரும்ப அளந்து மதிப்பீட்டைத் திருத்தினார். விலை இறங்கவில்லை. மன்றம் மறுபடி ஒத்திவைத்தது, ஏரி மறுபடி நகர்ந்தது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஏரிக்குப் போகும் பஸ்ஸுக்கு மட்டும் வருஷா வருஷம் டிக்கெட்டை மாற்றி அச்சடித்தார்கள்.

நாலாவது வருஷம் நகராட்சித் தலைவர் இறங்கி வந்தார். "பெரிய குழாய்க்கு வழியில்ல சார். சின்னதா ஒண்ணு இப்பவே போட்டுடலாம். இருபது வருஷம் ஓடட்டும், அப்புறம் வர்றவன் தலையெழுத்து."

பொறியாளர் மறுத்துவிட்டார். இருபது வருஷத்தில் ஊர் இரண்டு மடங்காகும், போட்ட சாலையையெல்லாம் திரும்பத் தோண்ட வேண்டிவரும் என்றார். கணக்கில் பிழையில்லை.

மூன்றாம் மாடிக்கு லாரித் தண்ணீரைக் குடம் குடமாக ஏற்றியே அவர் மனைவிக்கு முட்டி தேய்ந்திருந்தது. "இனிமே பொறக்கப்போறவனுக்கெல்லாம் தண்ணிக்கு யோசிச்சாச்சு. நாளைக்கு நான் எதுல உலை வைக்க?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோ."

"இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க."

அவள் கரையோரம் ஒரு அறை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டாள். அடுத்த ஒத்திவைப்பில் அந்த அறையும் ஏரியோடு நகர்ந்தது. முதலில் அவர் ஞாயிறுதோறும் போய்ப் பொழுது சாயத் திரும்பினார். பிறகு ஒரு ராத்திரி தங்க வேண்டியிருந்தது. பிறகு பஸ்ஸே அவ்வளவு தூரம் போகவில்லை. சின்னக் குழாயே போதும் என்று அவரே மன்றத்தில் எழுந்து கேட்டபோது, அது பழைய பெரிய குழாயைவிட விலை ஏறியிருந்தது. அதையும் ஒத்திவைத்தார்கள்.

குழாய் வந்து சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. சின்னக் குழாய்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஏரி அதன்பின் நகரவில்லை. முட்டி மாடியேற ஒத்துழைக்காது என்று அவள் சொல்லியனுப்பினாள்.

அவர் வீட்டுத் தண்ணீரில் மட்டும் அவள் துணி துவைக்கும் சோப்பின் வாசனை இருந்தது. பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினார்கள். வாசனை உண்மைதான், குடிக்கலாம் என்று பதில் வந்தது. அவர் குடித்தார்.