ஓட்டை என்றொரு கெட்ட வார்த்தை

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "கல்லு இருக்கா?" என்றுதான். இருக்கிறது. மலை மாதிரி குவித்து வைத்திருக்கிறோம். எந்தக் கல் என்று கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள். "கல்லுன்னா கல்லுதாங்க, தோட்டத்துக்கு." நடைபாதைக்கு அடியில் போட்டு இடிக்கிற ஜல்லி வேறு, மேலே பார்வைக்குப் பரப்புகிற கூழாங்கல் வேறு. கூழாங்கல்லை அடியில் போட்டால் கால் வைத்ததும் உருளும். மண் கேட்டு வருகிறவர்கள் அதற்கும் மேல். பள்ளத்தை நிரப்ப ஒரு மண், வேர் பிடிக்க ஒரு மண். நிரப்புகிற மண்ணில் ரோஜாவை நட்டுவிட்டு, செடி செத்துப்போச்சு என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். அதனால் யார் என்ன கேட்டாலும் "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். "குறுக்குக் கேள்வி கேக்காம எடுத்துக் குடுக்கிற ஆளே இங்க இல்லையா?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்னால், மேட்டில் இருக்கிறது. அப்பா விட்டுப்போன சரிவான மனையில் மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு. சீட்டுக் குலுக்கியா பிரித்தோம்? அண்ணன் சொன்னார், முடிந்தது. போன வருஷம் அவருக்குத் தோட்ட ஆசை வந்தது. சரிவில் புல்வெளி நிற்காது என்று எல்லையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் மண் கொட்டிச் சமப்படுத்தினார். அந்தச் சுவருக்கும் என் வீட்டுப் பின்னறைக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. பின்னறை என் மகளுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவாள். வெளிச்சமும் தெருச் சத்தமும் வராத அறை வீட்டிலேயே அது ஒன்றுதான்.

சுவர் எழும்பும்போதே அண்ணனும் அண்ணியும் கடைக்கு வந்தார்கள். சுருட்டி வைத்த புல் விரிப்பு, வெள்ளைக் கூழாங்கல், தரையில் நடுகிற விளக்கு, தானாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிற தெளிப்பான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார்கள்.

"அண்ணே, சுவருக்குப் பின்னாடி என்ன போடப் போறே?" என்றேன்.

"மண்ணுதான். வேற என்ன, மல்லிகைப்பூவா?"

"சுவரை ஒட்டி ஜல்லி போடணும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல இந்த வடிகட்டித் துணி. அடியில ஓட்டை போட்ட குழாய் ஒண்ணு. மேல ஊத்துற தண்ணி ஜல்லி வழியா இறங்கிக் குழாய்ல போயிடும், மண்ணைத் துணி பிடிச்சுக்கும். இல்லேன்னா அத்தனை தண்ணியும் மண்ணுக்குள்ளயே நின்னு சுவரைத் தள்ளும்."

அண்ணன் சிரித்தார். "மண்ணுக்குள்ள புதைக்கிறதுக்கு ஜல்லியும் துணியுமா? யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? பாப்பா, ஊர்ல எல்லார்கிட்டயும் வித்துக்கோ. அண்ணன்கிட்ட விக்காதே."

கடை முதலாளியும் சேர்ந்து சிரித்தார். ஐம்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் நான் பாப்பா. அன்றைக்கு விற்காமல் போன ஜல்லியால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தச் சுவருக்குக் கீழே படுத்திருப்பது என் பிள்ளை என்பதால்தான் வாயைத் திறந்தேன்.

சுவர் கட்டிய கொத்தனார் புண்ணியவான். யாரும் சொல்லாமலே சுவரில் ஆறு இடத்தில் குழாய்த் துண்டு வைத்துக் கட்டியிருந்தார். எந்தத் தாங்கு சுவருக்கும் அது மூச்சு விடுகிற இடம். பின்னால் தேங்குகிற தண்ணீர் அதன் வழியாகச் சொட்டி வெளியே வந்துவிடும். கடையில் நாங்கள் அதை வீப் ஹோல் என்போம். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஓட்டை என்போம். என் தலையெழுத்தே அந்த வார்த்தையில்தான் இருந்தது.

புல் விரித்ததும் அண்ணன் வீட்டுத் தெளிப்பான் காலையும் மாலையும் சுற்றியது. ஆறு வழியாகவும் தண்ணீர் வந்தது. தண்ணீர் மட்டும் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மண்ணும் கரைந்து சேறாக வந்தது. சேறு வந்தால் உள்ளே மண் இடம் மாறுகிறது என்று அர்த்தம். மேலே போய்ச் சொன்னேன்.

"அண்ணே, ஓட்டையில சேறு வருது. தண்ணி வரலாம், மண்ணு வரக்கூடாது. இப்பவாவது சுவர் ஓரமா தோண்டி ஜல்லியும் துணியும் போட்டுடு."

இவ்வளவு சொன்னதில் அவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. ஓட்டை. நம் பேச்சில் அந்த வார்த்தைக்கு ஏது மரியாதை? காசு நிற்காதவனுக்கு ஓட்டைக் கை. ஓடாத வண்டிக்கு ஓட்டை வண்டி. மனதில் பட்டதைச் சொல்கிறவளுக்கு ஓட்டை வாய். சின்ன வயதிலிருந்து அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பட்டம் அதுதான். ஓட்டை என்று காதில் விழுந்தால் அடைக்கத்தான் அவருக்குத் தோன்றும்.

மறுநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது ஆள் விட்டு ஆறையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். மேலே வெள்ளைகூட அடித்திருந்தார்கள். சாயங்காலம் வாசலில் நின்று, "ஓட்டைன்னு புலம்பினியே, அடைச்சாச்சு. இப்பத் திருப்தியா?" என்றார். பெரிய உபகாரம் செய்த முகம். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

"ஐயோ, அண்ணே! அதை அடைக்கவே கூடாது! தண்ணி எங்க போகும்?"

"வந்தாலும் குத்தம், வராட்டாலும் குத்தமா?" என்றார். என் கணவரைப் பார்த்து, "மாப்ளே, இவளைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் காலம் தள்ளுறீங்களோ" என்றும் சொன்னார். என் கணவர் சிரித்தார். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதை ஒரு தொழிலாகவே செய்கிறவர் அவர்.

அதன் பிறகு சந்து காய்ந்து சுத்தமாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் தூக்கம் போனது. ஒரு நாள் மகள் அறையைப் பெருக்கிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளிப்பக்கம் முழுதாகத் திறந்து எங்கள் வீட்டுச் சுவரில் சாய்கிற ஜன்னல் கதவு, பாதியில் எதிலோ இடித்து நின்றது. எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சுவர் இடித்தது. சுவருக்கு வயிறு வந்திருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் மேலே ஓடினேன். அண்ணன் புல்வெளியில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சுவர் உப்புது அண்ணே. ஜன்னல் இடிக்குது. வந்து பாரு."

"மழைக்காலம் வருதில்ல, ஜன்னல் ஊறியிருக்கும்."

"இரும்பு ஜன்னல் எந்த ஊர்ல ஊறும்?"

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க ஆசையா ஒரு தோட்டம் போட்டா உனக்குக் கண்ணை உறுத்துது. அன்னைக்கு உன் கடையில அந்த ஜல்லியை வாங்கலைங்கிற ஆத்திரம்தானே இதெல்லாம்?"

பதில் சொன்னேன், நிறையச் சொன்னேன். பத்து அடி இறங்கி வந்து பார்க்க அண்ணனுக்குக் கால் வரவில்லை. தெரிந்த இன்ஜினீயர் யாரையாவது கூட்டி வருகிறேன் என்றதற்கு, "குடும்ப விஷயத்தை வெளியில கொண்டு போகாதேம்மா, மச்சான் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல" என்றார் என் கணவர். என்ன நியாயம் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

நானும் அவருமாக மகளுடைய கட்டிலில் இருந்த மெத்தையை இழுத்துக் கூடத்தில் போட்டோம். கூடம் தெருவை ஒட்டியது. பகல் முழுக்க ஹார்ன், காய்கறி வண்டிக்காரர் குரல், பக்கத்து வீட்டு மிக்சி. கண் சிவந்து, சோறு இறங்காமல் வேலைக்குப் போனாள். "அம்மா, ஊசி போடுற கை எனக்கு. தூங்காமப் போனா யாருக்காவது ஏதாவது ஆயிடும்" என்றாள். "மாமாதான் ஒண்ணும் ஆகாதுங்கிறாரே." என் வயிற்றில் பிறந்ததுக்கும் அவர் பேச்சுதான் வேதம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கடையில் தகரக் கூரை, பேசினால் காது கேட்காது. ஒருவர் வெள்ளைக் கூழாங்கல் கேட்டு நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சுவர் ஞாபகம்தான். வீட்டுக்குப் போன் போட்டேன். "மாடியில துணி எடுத்துட்டிருக்கேன்" என்றார் கணவர். பிள்ளை எங்கே என்றேன்.

"சத்தம் தாங்கலைன்னு பின்னறையிலேயே போய்ப் படுத்துட்டா. நல்லாத் தூங்குறா, எழுப்பாதே."

கூழாங்கல்காரரை அப்படியே விட்டுவிட்டு, கடையிலிருந்த நீளக் கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். முதலாளி பின்னால் கத்தினார். கத்தட்டும்.

மகள் வெறும் கட்டிலில் போர்வையை விரித்துச் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து இழுத்தேன். என்னம்மா, ஏதும்மா என்று கேட்டவளைக் கூடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டுத் திரும்பினேன். ஜன்னல் கதவு முன்னைவிடக் குறைவாகத்தான் திறந்தது. அடைத்த ஓட்டைகளில் இரண்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தன. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கடப்பாரையை விட்டு, முதல் சிமெண்டு அடைப்பில் முனையை வைத்து, சம்மட்டியால் அடித்தேன். "பைத்தியமா உனக்கு, வெளியில வா" என்று கணவர் கதவருகில் நின்று கத்தினார். உள்ளே வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். அடைப்பு உள்வாங்கியது. குழாயளவு சேற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஜன்னல் வழியாகவே உள்ளே வந்து, மகள் தலை வைத்திருந்த இடத்தை நனைத்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சந்தின் கடைக்கோடியில், குளியலறை தாண்டிச் சுவர் சரிந்தது. கல்லும் மண்ணும் சந்தை அடைத்துக்கொண்டு விழுந்தன. அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய புல் விரிப்பு, காயப்போட்ட பாய் மாதிரி உடைந்த சுவரிலிருந்து தொங்கியது. ஒரு அறை தள்ளி விழுந்திருக்கிறது. ஒரே ஒரு அறை. கொஞ்ச நேரம் மகளுடைய முகத்தைத் தவிர எதுவும் கண்ணில் தெரியவில்லை.

அண்ணன் குடையோடு ஓடி வந்தார். பின்னால் அண்ணி. நேராக மகள் அறைக்குள் வந்து ஜன்னலைப் பார்த்தார். சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரைக்கும்கூடப் போகவில்லை. கட்டிலில் தேங்கிய சேற்றைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பாவம், பிள்ளை மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"ஏன் பாப்பா, இவ்வளவு ஆபத்துன்னா முன்னாலேயே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அதானே" என்றார் என் கணவர்.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. கடையில் சொன்னதும், புல்வெளியில் சொன்னதும், வாசலில் கத்தியதும் யார் காதுக்குப் போயின? அந்த நேரத்தில் என் வாயில் வந்ததை எழுதினால் அச்சுக்காரர் கோபித்துக்கொள்வார். அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள் என்று மட்டும் சொல்கிறேன். பேசி ஓய்ந்ததும் சம்மட்டியை அண்ணன் மடியில் வைத்தேன்.

"எதிர்ல இன்னொண்ணு பாக்கி இருக்கு. அடைச்சது நீ. நீயே திற."

அண்ணன் குடையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். கடப்பாரையைக் கம்பிகளுக்கு நடுவே விட்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முனை சுவரில் அங்குமிங்கும் தேடியது.

"எங்கே அடிக்கணும்? சொல்லு."

சொன்னேன். நாளைக்கு இதையும் நான் சொல்லவில்லை என்பார். சொல்லிக்கொள்ளட்டும். இந்த முறை கேட்டுக்கொண்டு நிற்க அறை வாசலில் என் மகள் உயிரோடு இருந்தாள்.